நிறையும் எடையும்: ஈழத்து மாணவரும் சென்னைப் பள்ளிக்கூடங்களும்

புகலிடம் தேடி வந்த பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகள் சேர்க்கத் தொடங்கி நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இராமேசுவரம் கரையில் வந்து இறங்கியவர்களோடு தொடங்கிய கதை இது. அந்த ஜூலைக்கும் 2012 ஆகஸ்ட்டுக்கும் இடையே இலங்கையிலிருந்து வந்தவர்கள் 3,04,269 பேர் என்கிறது இந்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. ஆண்டுதோறும் சீராக வந்த கூட்டமல்ல அது. 1983க்குப் பின் ஓர் அலை, 1989க்குப் பின் ஒன்று, 1996க்குப் பின் ஒன்று, 2006இல் மறுபடி போர் மூண்டபோது ஒன்று என்று நான்கு அலைகளாக வந்தார்கள். 1995 மார்ச் வரை 99,469 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். போய்விட்டு அடுத்த அலையில் மீண்டும் வந்தவர்களும் உண்டு. எல்லாம் அடங்கியது என்று எண்ணியிருந்தபோது, 2022 மார்ச் 22 அன்று தனுஷ்கோடிப் பக்கம் மீண்டும் படகுகள் வந்தன. இந்த முறை துரத்தியது குண்டு அல்ல, அரிசி விலையும் பால்மாத் தட்டுப்பாடும்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட கணக்குப்படி முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்வோர் 34,087 பேரும் இருந்தார்கள். ‘வெளிப்பதிவு’ என்று அழைக்கப்படும் இந்த இரண்டாம் வகையினர்தான் சென்னை நகரத்துக்கு உரியவர்கள். முகாம்கள் கும்மிடிப்பூண்டியிலும் புழல் பக்கத்திலும் இருக்கின்றன. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ ஒன்றுகூட இல்லை. நகரத்துக் குடும்பம் வாடகை வீட்டில் இருக்கிறது. பல வீடுகளில் கனடாவிலோ பிரான்சிலோ உள்ள உறவினர் அனுப்பும் பணத்தில் அடுப்பு எரிகிறது. அரசு மாதந்தோறும் கொடுக்கும் பணக்கொடை முகாமில் பதிந்தவர்களுக்கே உரியது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று 2021இல் உயர்த்தப்பட்ட தொகை அது.

இந்த வேறுபாடு வகுப்பறைக்குள்ளும் வருகிறது. முகாமை ஒட்டிய பள்ளியில் அந்தப் பிள்ளைகள் ஒரு கூட்டம்; தலைமை ஆசிரியருக்கு அவர்களைத் தெரியும், முகாம் தலைவரைத் தெரியும், எந்தத் தாளுக்கு எந்த அலுவலகம் என்பதும் தெரியும். நகரத்துப் பள்ளியில் நாற்பது பேரில் ஒரே ஒரு பிள்ளை. முகத்தைப் பார்த்தால் தெரியாது, பெயரைக் கேட்டால் தெரியாது, வாயைத் திறந்தால்தான் தெரியும். அதுவும் சில மாதங்கள்தான். அதற்குள் பிள்ளை ‘ஓம்’ என்பதை விட்டு ‘ஆமா மிஸ்’ என்று சொல்லப் பழகிவிடும். பழகிவிட்டதனாலேயே எல்லாம் சரியாகிவிட்டதாகப் பள்ளி முடிவு கட்டிவிடுகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை கதவு திறந்தே இருக்கிறது. அகதிகள் பற்றிய 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிக்கென்று தனிச் சட்டமும் இல்லை. வெளிநாட்டவர் எல்லாருக்குமான பொதுச் சட்டத்தின் கீழேதான் அவர் நிறுத்தப்படுகிறார். ஆனால் கல்வி உரிமை வேறு தடத்தில் வருகிறது. அரசியல் சட்டத்தின் 21ஏ பிரிவு 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் என்று சொல்கிறதே தவிரக் குடிமக்களின் குழந்தைகளுக்கு என்று சொல்லவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தில் புதிதாக வந்த பிள்ளைக்கு உதவும் பிரிவுகள் மூன்று: வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்லும் 4ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்னும் 14ஆம் பிரிவு, சேர்க்கைக் காலம் முடிந்தபின் வந்தாலும் மறுக்கக் கூடாது என்னும் 15ஆம் பிரிவு. மியான்மாரிலிருந்து வந்து தில்லியில் வாழும் ரோஹிங்யா பிள்ளைகள் தொடர்பான வழக்கில், அவர்கள் அரசுப் பள்ளியை நேரடியாக அணுகலாம், மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்தத் தடத்தில்தான்.

கதவு எப்போதும் இப்படித் திறந்திருக்கவில்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் தமிழ்நாட்டில் அகதிப் பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை நிறுத்தப்பட்டது. முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் நுழையவும் தடை வந்தது. கொலைக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் என்ன தொடர்பு என்று அன்று உரக்கக் கேட்டவர்கள் மிகச் சிலர். 1990களின் பிற்பாதியில் கட்டுப்பாடு தளரும்வரை, படித்த அகதி இளைஞர்கள் மாலை வேளையில் நடத்திய வகுப்புகளே பல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்த மாலை வகுப்புகளைத் தன் முதன்மைப் பணிகளில் ஒன்றாக வைத்துக்கொண்டது. இயேசு சபையினரின் அகதிகள் பணி அமைப்பும் முகாம்களில் படிப்பு மையங்களை நடத்தியது. நடுவில் விழுந்த அந்த இடைவெளியைச் சுமந்தவர்கள் இன்று பெற்றோராகிப் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். விண்ணப்பத்தை நிரப்பக் கை தயங்கும் ஒரு தகப்பனைப் பார்க்கும் எழுத்தர் இந்தக் கணக்கை அறிந்திருப்பது நல்லது.

வாசலைத் தாண்டியதும் வருவது சேர்க்கை மேசை. அங்கே மூன்று சிக்கல்கள் வழக்கமாக எழுகின்றன. முதலாவது வகுப்பு. இலங்கையில் பள்ளி ஆண்டு வழக்கமாகச் சனவரியில் தொடங்கும், இங்கே ஜூனில். அங்கே 11ஆம் தரத்தின் முடிவில் சாதாரண தரப் பரீட்சை, 13இன் முடிவில் உயர்தரம். இங்கே பத்தும் பன்னிரண்டும். மார்ச்சில் கரையேறிய பிள்ளை அங்கே எட்டாம் தரத்தில் பாதியில் விட்டிருந்தால் இங்கே எட்டா, ஒன்பதா? தரமும் வகுப்பும் ஒன்றென்று எண்ணி எண்ணை எண்ணோடு பொருத்துவது எளிது; வயதையும் படித்த பாடத்தையும் பார்த்துப் பொருத்துவதே சரி. சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. பதினாறு வயதில் வந்து மேல்நிலை முதலாண்டில் சேர வேண்டிய பிள்ளைக்குத்தான் தாள்கள் மிகுதியாகக் கேட்கப்படுகின்றன. அந்தப் பிள்ளைக்குத்தான் சட்டத்தின் நிழலும் குறைவு.

இரண்டாவது, சான்றிதழ். இங்கே மாற்றுச் சான்றிதழ் என்பது அங்கே விடுகைப் பத்திரம். போர்க்காலத்தில் பள்ளிக் கட்டடமே இல்லாமல் போன ஊர்களிலிருந்து வந்தவரிடம் அதைக் கேட்டால் அவர் என்ன செய்வார்? பிறப்புச் சான்று இருந்தாலும் அதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. ஆங்கில ‘டி’ (T) ஒலியை ஈழத்தார் ‘ரி’ என்று எழுதுவர். டீச்சர் அங்கே ரீச்சர், டொராண்டோ அங்கே ரொறன்ரோ. ‘ரி’ என்ற தலைப்பெழுத்தோடு வந்த பெயரை இங்குள்ள எழுத்தர் கணினியில் ஏற்றும்போது ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தைத் தட்டினால் அவர்மேல் குற்றமில்லை. ஆனால் தங்கராசாவின் மகன் அந்த நொடியில் வேறு யாருடைய மகனோ ஆகிவிடுகிறான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அச்சாகி வரும்போதுதான் அது வெளியே தெரியும். அப்பாவின் முழுப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதினால் தீர்ந்துவிடும் காரியம், ஐந்து ஆண்டு கழித்து நோட்டரியிடமும் அரசிதழிலும் போய் நிற்கிறது.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். இங்குள்ள படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அங்கிருந்து வந்தவரிடம் அப்படியொரு தாளே கிடையாது. கட்டம் வெறுமையாக இருந்தால் பொதுப்பிரிவு. பின்னாளில் உதவித்தொகை, இட ஒதுக்கீடு எல்லாவற்றிலும் அந்த வெறுமை தொடரும்.

இவை எழுத்தர் மேசையோடு போகிறவை. வகுப்பறையில் உள்ளது இவற்றைவிடக் கண்ணுக்குத் தெரியாதது. மொழி ஒன்று என்பதால் மொழிச் சிக்கல் இல்லை என்பது பொது நம்பிக்கை. பேச்சைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். கொப்பி என்றால் நோட்டு, கதைப்பது என்றால் பேசுவது, விளங்கேல்லை என்றால் புரியவில்லை. ஒரு மாதத்தில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. பாடநூல் மொழி அப்படிப் பிடிபடுவதில்லை. பௌதிகவியல் இங்கே இயற்பியல், இரசாயனவியல் இங்கே வேதியியல். ஒட்சிசன் ஆக்சிஜன் ஆகிறது, காபன் கார்பன் ஆகிறது. கேத்திரகணிதம் வடிவியல், அட்சரகணிதம் இயற்கணிதம், நாற்பக்கல் நாற்கரம், ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கை. உயிரியலில் கலம் என்று படித்ததை இங்கே செல் என்கிறார்கள். இங்குள்ள பிள்ளைக்குக் கலம் என்றால் மின்கலம்.

இப்படித் தெரியாத சொல்லாக வருபவை உண்மையில் தொல்லை குறைந்தவை. தெரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரியும். பக்கத்து இருக்கையைக் கேட்டுக்கொள்ளும். தொல்லை, தெரிந்த சொல்லின் வேடத்தில் வருபவற்றில் இருக்கிறது. ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் அடங்கியிருக்கிறது என்பதை இலங்கைப் பாடநூல் திணிவு என்கிறது. புவி அதை ஈர்க்கும் விசையை நிறை என்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் முன்னது நிறை, பின்னது எடை. ஆக, ‘நிறை’ என்ற ஒரே சொல் பாக் நீரிணையின் இந்தக் கரையில் ஒன்றையும் அந்தக் கரையில் இன்னொன்றையும் குறிக்கிறது. வேகமும் அப்படியே. திசையைக் கணக்கில் கொள்ளாத விரைவு அங்கே கதி, இங்கே வேகம். திசையோடு சேர்ந்தது அங்கே வேகம், இங்கே திசைவேகம். ஆர்முடுகல் என்று படித்தவன் முடுக்கத்தை ஊகித்துவிடுவான். வேகத்தை ஊகிக்க மாட்டான். அவனுக்குத்தான் அது ஏற்கனவே தெரியுமே!

கரும்பலகையில் ஒரு கணக்கு: ஒரு பொருளின் நிறை 10 கிலோகிராம் எனில் அதன் எடை என்ன? உள்ளூர்ப் பிள்ளை 9.8ஆல் பெருக்கி 98 நியூட்டன் என்று எழுதிவிட்டு நிமிர்கிறது. யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு நிறை என்பதே எடைதான். கொடுத்ததையே திருப்பிக் கேட்கிறார்கள் என்று குழம்பி, 10 என்று எழுதுகிறது அல்லது ஒன்றும் எழுதாமல் விடுகிறது. நிறையை ஏன் கிலோகிராமில் கொடுத்தார்கள் என்று உள்ளூர அது திகைப்பதும் உண்டு. அது படித்த பாடத்தில் நிறையின் அலகு நியூட்டன். அறிவியல் அடிப்படை போதாது என்று திருத்துபவர் முடிவு செய்வார். உண்மையில் அந்தப் பிள்ளை திணிவுக்கும் நிறைக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாகவே அறிந்திருக்கிறது.

இந்தப் பிளவு பழையதல்ல என்பதுதான் வியப்பு. மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் பயின்று 1924இல் துறவு பூண்டவர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல் ஆக்கப் பணிக்கு 1930களில் தலைமை ஏற்றவரும் அவரே. தமிழ்நாட்டு மாணவன் அறிவியலைத் தமிழில் படிக்கச் சொல் தேடிய கூட்டத்தின் தலைவர் ஓர் ஈழத்தார். இன்னும் பின்னே போனால், 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும், சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும், யாழ்ப்பாணத்துக்காரர்கள். இரு நாடுகளும் தனித்தனியே விடுதலை பெற்று, தனித்தனியே குழுக்கள் அமைத்து, தனித்தனியே பாடநூல் அச்சிட்டபோது சொற்கள் பிரிந்தன. இந்தப் பக்கத்துப் பாடநூல் உருவாகும் இடம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை. இரண்டு பாடநூல்களின் சொற்களையும் எதிரெதிரே வைத்த நான்கு பக்கப் பட்டியல் ஒன்றை அங்கிருந்தே அச்சிட்டு ஆசிரியர் கையில் கொடுக்கலாம். பெருஞ்செலவு பிடிக்கும் காரியமல்ல.

ஒரே ஊரிலிருந்து கிளம்பிய இரண்டு குடும்பங்களில் ஒன்று டொராண்டோ போய், மற்றொன்று சென்னை வந்ததாகக் கொண்டால் வேறுபாடு தெளிவாகும். டொராண்டோவில் புதிதாக வந்த மாணவரை முதலில் வரவேற்பு மையத்துக்கு அழைத்து, ஆங்கிலமும் கணிதமும் எந்த அளவில் உள்ளன என்று சோதித்து, அதன்பின் வகுப்பில் வைக்கிறார்கள். ஒண்டாரியோ மாகாணப் பள்ளிகள் பலவற்றில் புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கு வழிகாட்டத் தனிப் பணியாளரும் உண்டு. தமிழ்ப் பெற்றோருக்குத் தமிழிலேயே பேசும் பணியாளர்கள் கிடைக்கிறார்கள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணத்தில் தொடங்கும் ஏற்பாடு அது. இங்கே எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தில் தொடங்குவதால் சோதனை என்ற பேச்சே எழுவதில்லை. ‘நம்ம பிள்ளைதானே’ என்ற அன்பான சொல் அவ்விடத்தில் ஒரு கவனக்குறைவாகவும் ஆகிவிடுகிறது. தொடக்க வகுப்புகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த வயதுப் பிள்ளைக்கு அதுவே பெரும்பாலும் போதும். ஆறாம் வகுப்புக்கு மேலே வருபவர்களுக்குத்தான் அப்படி ஒரு படி தேவைப்படுகிறது.

பயிற்றுமொழி இன்னொரு முடிச்சு. இலங்கையில் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ்வழியில் படித்தவர்கள். சென்னையின் அரசுப் பள்ளிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுக்கே கிராக்கி. நாளை கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகக்கூடும் என்று கணக்குப் போடும் பெற்றோர் ஆங்கிலவழியைக் கேட்பதில் வியப்பில்லை. அப்போது பிள்ளை திணிவிலிருந்து நிறைக்கு மாறுவதில்லை, நேரே ‘மாஸ்’ என்பதற்குத் தாவுகிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் வருபவருக்கு இந்தத் தாவல் கடினம். முதல் ஆண்டு தமிழ்வழியில் இருந்துவிட்டு மாறுவது பாதுகாப்பானது.

மனநிலையைப் பற்றிப் பேசும்போது எல்லாரையும் ஒரே துணியால் போர்த்தக் கூடாது. 1990களிலும் 2006க்குப் பின்னும் வந்த பிள்ளைகளின் பேச்சில் ஷெல், பங்கர், பொம்மர், ஹெலி என்ற சொற்கள் அன்றாடச் சொற்களாக இருந்தன. சென்னைப் பிள்ளைக்கு ஹெலிகாப்டர் என்றால் மொட்டை மாடிக்கு ஓடிக் கையசைக்கும் காட்சி. குடியரசு நாள் ஒத்திகைக்கு மெரினா மேலே பறக்கும்போது மயிலாப்பூரின் மாடிகள் நிரம்பும். வன்னியிலிருந்து வந்த பிள்ளை அதே ஒலிக்கு மேசைக்கு அடியில் போகும். தீபாவளிக்கு முந்திய வாரத்துப் பட்டாசு ஒலிக்கும் அப்படித்தான். வகுப்பு சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கு வராது. ஆசிரியர் முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லி வைத்தால் வகுப்பு சிரிக்காது. 2022க்குப் பின் வந்தவர்களின் அனுபவம் வேறு. அவர்கள் கண்டது வரிசைகளும் வெறும் அடுப்பும், இரவில் மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போன படகும். கட்டுரை எழுதச் சொல்லி ‘என் சொந்த ஊர்’ என்று தலைப்புக் கொடுப்பதில் தவறில்லை. எழுத விரும்பாதவருக்கு மாற்றுத் தலைப்பு ஒன்றும் இருந்தால் போதும்.

பள்ளி என்ற அமைப்பு குடும்பத்துக்குச் செய்யும் உதவியில் மிகப் பெரியது, எதையும் கேட்காமல் கொடுப்பது. பாடநூல், சீருடை, 1982 முதல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, 2022 முதல் தொடக்க வகுப்புகளுக்குக் காலைச் சிற்றுண்டி ஆகியவை வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பவை. பெசன்ட் நகர் ஆல்காட் நினைவுப் பள்ளி இந்த மரபின் பழைய சாட்சி. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி தர 1894இல் கர்னல் ஆல்காட் தொடங்கியது அது. அதற்கு முன்பே இலங்கையில் பௌத்தப் பள்ளிகள் எழக் காரணமாக இருந்தவரும் அவர்தான். அடையாற்றுக்கும் கொழும்புக்கும் இடையே பள்ளிக்கூடங்கள் போய்வந்த பாதை அப்போதே இருந்திருக்கிறது.

பெற்றோரோடு பேசுவதில் சில நுணுக்கங்கள் உண்டு. வெளிப்பதிவுக் குடும்பம் காவல் நிலையத்துக்குப் போய்வந்து பழகியது. கையெழுத்து, விசாரணை, படிவம் என்றால் அதற்குப் பயம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரச்சொல்லி வரும் சீட்டுக்கூட அந்தப் பயத்தைக் கிளப்பும். எதற்குக் கூப்பிடுகிறோம் என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் வருவார்கள். அம்மா வீட்டில் தனியாக இருந்து பிள்ளைகளை வளர்க்கும் வீடுகள் பல. தகப்பன் வெளிநாட்டில் இருப்பார், அல்லது உயிரோடு இருக்க மாட்டார். ‘அப்பா எங்கே?’ என்பதை வகுப்பின் நடுவே கேட்காமல், சேர்க்கும்போதே அம்மாவிடம் தனியே கேட்டுக் குறித்துக்கொள்வது ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் நல்லது. அலுவலகம் பற்றிய கேள்விகளுக்கு, சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்தைக் காட்டிவிடலாம். மயிலாப்பூரிலிருந்து ஒரு பேருந்துத் தூரம்.

மொழியே வேறான பிள்ளைகளின் கதையும் அருகிலேயே இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்புக்காகக் கட்டிய கட்டடத்தில் மியான்மாரிலிருந்து வந்த ரோஹிங்யா குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழ்கின்றன. அவர்களின் பிள்ளைகள் அங்குள்ள அரசுப் பள்ளிக்குப் போய்த் தமிழ் கற்றுக்கொண்டார்கள். பெற்றோருக்கும் வெளியுலகுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்களும் ஆனார்கள். தமிழ் தெரியாது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததால் ஆசிரியர்கள் முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்கள். தமிழ் தெரிந்து வந்த பிள்ளைக்குக் கிடைக்காத அந்தத் தொடக்கம் இவர்களுக்குக் கிடைத்தது.

பன்னிரண்டாம் வகுப்போடு பள்ளியின் பொறுப்பு முடிகிறது. பிள்ளையின் சிக்கல் அங்கே தடிக்கிறது. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் உயர்கல்விக்கான உதவித்தொகைகள் நான்கு மடங்காயின: கலை, அறிவியல் படிப்புக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் 12,000 ஆனது, தொழிற்படிப்புக்கு 5,000 ரூபாய் 20,000 ஆனது. முகாம் மாணவரை மனத்தில் வைத்து வகுத்தவை இவை. மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடம் குடியுரிமையோடு பிணைந்தது. 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னோ இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இல்லாவிட்டால், இங்கே பிறந்தது மட்டும் குடியுரிமை தராது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொல்லி இலங்கையைச் சொல்லாமல் விட்டது.

இதனால் பள்ளி கடைசியாகக் கொடுக்கும் மாற்றுச் சான்றிதழில் நாட்டினம் என்ற கட்டம் முக்கியமாகிறது. பழக்க வேகத்தில் எழுத்தர் அங்கே ‘இந்தியர்’ என்று எழுதிவிட்டால், பின்னால் கல்லூரியிலோ கடவுச்சீட்டு அலுவலகத்திலோ பிள்ளை பொய் சொன்னதாக ஆகும். ‘இலங்கைத் தமிழர்’ என்று சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதுவதுதான் முறை. சென்னையில் பிறந்து, சென்னையிலேயே பன்னிரண்டு வகுப்பும் முடித்து, இலங்கையை ஒருநாளும் பார்க்காத பிள்ளையும் அந்தச் சொல்லைப் படித்துப் பார்த்து, கீழே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போகிறது.